சேற்றில் நிற்கும் வண்டி: வன்னிப் பாதைகளுக்கு ரயர் தேர்வும் பிழை நீக்கும் வழிமுறையும்

மாரி தொடங்கி வாய்க்கால் பாதைகள் கரைய ஆரம்பித்ததும் ரயர் கடைகளில் வந்து விழும் கேள்வி இதுதான்: "பெரிய பல்லு ரயர் இருக்கோ அண்ணை?" கேட்பதில் பிழையில்லை, ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. முதலாவது காற்று, இரண்டாவது மண். பல்லின் வடிவம் மூன்றாவதாகத்தான் வரும். நல்ல விலை கொடுத்து எம்டி, அதாவது சேற்றுக்கான பெரிய பல்லு ரயர், போட்டுவிட்டு, தார் வீதிக்கு வைத்த காற்றோடேயே அதை வயலுக்குள் இறக்கினால் போட்ட காசில் பாதி வீண்.

வன்னியில் சேறு ஒரே வகை கிடையாது. முருங்கன், நானாட்டான் பக்கம், கட்டுக்கரைக் குளத்தின் கீழ் இருப்பது கறுத்தக் களி. நனைந்தால் ஊதும், ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். ஏ9 வீதியின் இரு பக்கத்திலும் உள்ளே போகிற கிறவல் பாதைகளில் மேலே ஒரு விரற்கடை வழுக்கல், அடியில் கெட்டித் தரை. முல்லைத்தீவு, அலம்பில், கொக்கிளாய்க் கரையோரம் போனால் மணல். இந்த மூன்றுக்கும் ஒரே ரயர் ஒரே அளவு நன்றாக வேலை செய்யாது. ஆகவே வண்டி நின்றதும் இறங்கிச் சில்லைப் பாருங்கள். எந்த மண், எந்தப் பிழை என்பது அங்கேயே தெரியும்.

சில்லு சுற்றுகிறது, பற்களுக்குள் சேறு அப்பிக்கிடக்கிறது

களிமண்ணில் இதுதான் வழமை. ரயரைத் தொட்டுப் பார்த்தால் பல்லே தெரியாது, வழவழவென்று மண் உருளை மாதிரி இருக்கும். பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம் நிறைந்துவிட்டதால் மண்ணை மண்தான் உரசுகிறது. இந்த நிலையில் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

முதலில் காற்றை இறக்குங்கள். ஆளில்லாத, பாரமில்லாத டபிள் கப் அல்லது ஜீப் என்றால், கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். 32 பிஎஸ்ஐ இருந்தால் 20, 22 வரைக்கும் கொண்டுவரலாம். காற்றுக் குறைந்த ரயர் அகலத்தில் விரிவதை விட நீளத்தில்தான் அதிகம் படியும். நிலத்தில் பதியும் பற்களின் எண்ணிக்கை கூடும், ரயர் வளைந்து நிமிரும்போது பள்ளத்துக்குள் இருக்கும் மண்ணும் உதிரும். பிறகு சில்லை நேராக வைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். நீங்களே அழுத்திவிட்ட தடம் புது மண்ணை விடக் கெட்டியானது.

ஓரம் ஒதுங்கிச் சுற்றிப் போகலாம் என்று நினைப்பதற்கு முன் ஒன்று. முகமாலைப் பக்கம் மட்டுமில்லை, வன்னியில் இன்னும் மிதிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் இருக்கின்றன. மண்டையோட்டுக் குறியோடு சிவப்புப் பலகை நிற்கும் பக்கத்தில் பாதையை விட்டு ஒரு சில்லைக்கூட இறக்கக் கூடாது. சேற்றில் இரவு முழுக்க நின்றாலும் பரவாயில்லை.

இது ஒரு மாரியில் ஒருமுறை நடக்கிற காரியம் என்றால் ரயர் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கிழமையும் களிக்குள் போய் வருபவர் என்றால்தான் எம்டி வகை பொருந்தும். அதில் பற்கள் பெரிது, இடைவெளி அகலம், ஓரப் பற்கள் பக்கச் சுவர் வரைக்கும் இறங்கியிருக்கும். இடைவெளி அகலமாக இருப்பதால் சில்லு வேகமாகச் சுற்றும்போது சேறு தானாக எறிபடும். இதைக் கவனியுங்கள்: எறிபடுவதற்குச் சில்லுக்கு ஓரளவு வேகம் வேண்டும். முதல் கியரில் ஊர்ந்து போனால் எம்டி ரயரும் களியில் அப்பிக்கொள்ளும். இரண்டாம் கியரில், விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராகப் போவதுதான் அந்த ரயரின் ஓட்டம்.

பல் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் வண்டி கீழே இறங்குகிறது

இது மணல். இங்கே பெரிய பல் உதவியை விட உபத்திரவம்தான் அதிகம். எம்டி ரயர் மணலை வாரி எறிந்து, நிமிடத்துக்குள் அச்சு தட்டும் வரைக்கும் குழி தோண்டிவிடும். மணலில் மேலே மிதந்து போக வேண்டும். அதற்கு அகலமான, பல் குறைந்த ரயரும் குறைந்த காற்றும் போதும். 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம். 15க்குக் கீழே போகாதீர்கள், திருப்பும்போது ரயரின் விளிம்பு றிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

மணலில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் உருட்டி நிறுத்துங்கள். பிரேக் பிடித்தால் சில்லுக்கு முன்னால் ஒரு திட்டி குவியும், திரும்ப எடுக்கும்போது அதில்தான் ஏற வேண்டும். மண்வெட்டியால் சில்லுக்கு முன்னால் சாய்வாக வெட்டி, பனையோலையோ பலகையோ போட்டு எடுங்கள். பனை மட்டையை ஓலையோடு அப்படியே போடாதீர்கள். அதன் கருக்கு ரயரின் பக்கச் சுவரைக் கீறும்.

காற்றை இறக்குவது நிமிட வேலை, திரும்ப ஏற்றுவதுதான் பாடு. பற்றரியில் ஓடும் சின்னக் கொம்பிரசர் ஒன்றும் நல்ல கேஜ் ஒன்றும் வண்டியில் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் காற்றை இறக்குகிறவர், அடுத்த பெற்றோல் செட் வரைக்கும் அரைக் காற்றில் தார் வீதியில் ஓடத்தான் போகிறார். அந்த ஓட்டத்தில் பக்கச் சுவர் சூடேறி உள்ளே நூல் அறும். வெளியில் ஒன்றும் தெரியாது, பல நாள் கழித்துப் பாரத்தோடு போகும்போது வெடிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மழைத் தண்ணீர் நிற்கும் தார் வீதியில் ரயர் எந்த வேகத்தில் நிலத்தை விட்டு மிதக்கத் தொடங்கும் என்பதற்கு நாசா ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளை வைத்துக் கண்ட ஒரு கணக்கு இருக்கிறது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் அந்த வேகம் கடல் மைல் கணக்கில் வரும். 36 பிஎஸ்ஐக்கு மணிக்கு 100 கிலோமீற்றர், 16 பிஎஸ்ஐக்கு 67 கிலோமீற்றர் என்று விடை வரும். நல்ல பல்லுள்ள வாகன ரயர் இதைவிடக் கொஞ்சம் தாங்கும், தேய்ந்தது ஏறக்குறைய இந்தக் கணக்குப்படியே நடக்கும். மணலில் இறக்கிய காற்றோடு பரந்தன் சந்தியில் ஏ9க்கு ஏறி 70இல் போவது எவ்வளவு பிழை என்று இதிலேயே தெரியும்.

பாரம் ஏற்றிய லொறி, பின்னால் இரட்டைச் சில்லு

மேலே சொன்ன காற்று இறக்கும் வேலை இதற்குப் பொருந்தாது. நெல் மூட்டையோடு நிற்கும் லொறியின் காற்றை இறக்கினால் இரண்டு ரயரும் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும். ரியூப் போட்ட ரயர் என்றால் றிம்மில் வழுக்கி வால்வையே பிய்த்துவிடும். பாரத்தை இறக்குவதுதான் வழி. வேலை கூடத்தான், ஆனால் ரயர் தப்பும். எடுத்த பிறகு இரண்டு சில்லுக்கும் நடுவில் கல் இறுகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கிறவல் பாதையில் இது அடிக்கடி நடக்கும்.

ஒரு பக்கச் சில்லு மட்டும் சுற்றுகிறது

ரயரில் பிழை தேடாதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது அச்சின் நடுவில் இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் கியர், பிடி குறைந்த சில்லுக்குத்தான் சுழற்சியை விடும், எந்த ரயர் போட்டாலும் அதன் போக்கு அதுதான். இரண்டு சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃப் லொக் இருந்தால் நேராகப் போகும்போது மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் சுற்றும் சில்லின் கீழ் கல்லோ கட்டையோ கொடுக்க வேண்டும்.

கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் ட்ரெயிலர் கொழுவும் உருண்டையில் கட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டு மாதிரிப் பறந்து வரும். சட்டத்தில் பொருத்திய கொக்கியில் கட்டி, ஆட்களைக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் திரும்புகிறது, வண்டி நேரே போகிறது

கிறவல் வழுக்கலில் வரும் பிழை. பின்னுக்குப் புது ரயரும் முன்னுக்குத் தேய்ந்ததும் போட்டிருந்தால் இது நிச்சயம். வழுக்கலின் அடியில் தரை கெட்டியாக இருப்பதால், இங்கே ஒடுக்கமான ரயர் வழுக்கலை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். அகலமான ரயர் மேலேயே சறுக்கும். அழகுக்காக அகல ரயர் போடும் பழக்கம் இந்தப் பாதைகளில் ஓடுகிறவருக்குக் கேடுதான். ஏடி வகை ரயர், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் நடுவானது, கம்பனி அளவிலேயே போட்டால் கிறவலுக்கு அதுவே நல்லது.

நான்கு சில்லிலும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் வெவ்வேறு உயர ரயர் இருக்கவே கூடாது. 265/70ஆர்16 ரயரின் உயரம் 777 மில்லிமீற்றர், 245/70ஆர்16 ரயரின் உயரம் 749. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று மற்றதை விடக் கிட்டத்தட்ட ஒன்பது சென்ரிமீற்றர் கூடுதலாக ஓடும். கெட்டித் தரையில் அந்த இழுபறி முழுவதும் கியர்பெட்டியில்தான் விழும்.

தார் வீதிக்கு ஏறியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது

நேற்று வரைக்கும் இல்லை, வயலுக்குப் போய் வந்த பிறகுதான் என்றால், றிம்மின் உள்பக்கத்தில் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. வீல் பலன்ஸ் செய்யக் காசு கொடுக்கும் முன் வாய்க்கால் தண்ணீரால் நாலு றிம்மின் உள்பக்கத்தையும் கழுவிப் பாருங்கள். கழுவியும் நிற்கவில்லை என்றால் பலன்ஸ் ஈயம் விழுந்திருக்கலாம், றிம் நெளிந்திருக்கலாம். கழுவிய கையோடு பிரேக்கை மெதுவாகச் சில தரம் பிடித்துக் காய வையுங்கள். நனைந்த ட்ரம் பிரேக் முதல் பிடியில் பிடிக்காது.

எம்டி போட்ட பிறகு இரைச்சல், எண்ணெய் கூட, மழையில் பிரேக் நீளுகிறது

இது பிழை இல்லை, அந்த ரயரின் இயல்பு. இடைவெளி கூடினால் தாரைத் தொடும் றப்பர் குறையும். ஓடும் தூரத்தில் பெரும்பகுதி ஏ9, ஏ34, ஏ35 மாதிரித் தார் வீதி என்றால் எம்டியை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பல்லின் முன்விளிம்பு ஒரு மாதிரியும் பின்விளிம்பு ஒரு மாதிரியும் தேய்ந்து இரைச்சல் கூடிக்கொண்டே போனால், முன்ரயரைப் பின்னுக்கும் பின்ரயரை முன்னுக்கும் மாற்றுங்கள். 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை செய்தால் ரயரின் ஆயுளும் கூடும்.

மற்றத் தேய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்றுக் கூட. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். திட்டுத் திட்டாகக் குழி விழுந்தால் சொக் அப்சோபர் போய்விட்டது.

பக்கச் சுவரில் வெட்டு அல்லது வீக்கம்

வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஒட்டு, உள்ளே பட்டி போடுவது எதுவும் பாதுகாப்பில்லை. அந்த ரயரைக் கழற்றிவிட வேண்டும், ஸ்பெயருக்கும் வைக்கக் கூடாது.

வெட்டு வருவது பெரும்பாலும் பற்றை வெட்டிய அடிக்கட்டைகளால். சாய்வாக வெட்டிய கட்டை காய்ந்தால் ஈட்டிதான். காட்டோரப் பாதையில் போகும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்து, ரயரின் நடுப்பகுதி கட்டையில் ஏறுமாறு ஓட்டுங்கள். கட்டையைத் தவிர்க்க ஓரத்தால் உரசிப் போவதுதான் சுவரைக் கிழிக்கும். உடைமுள் வேறு கதை, அது பல் பகுதியில் ஏறும். ஏறிய முள்ளை அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள். காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் கடை வரைக்கும் போக விடும்.

இந்தப் பாதைகளில் அடிக்கடி போகிறவர் பக்கச் சுவரில் கூடுதல் நூலடுக்குள்ள எல்டி ரயர் வாங்கலாம். ஆனால் ஒரே பாரத்தைத் தூக்க எல்டிக்கு, சாதாரண ஜீப் ரயரை விடக் கூடுதல் காற்று வேண்டும். பழைய அளவுக்கே அடித்துவிட்டு ஓடினால் அது காற்றுக் குறைந்த ரயர்தான்.

இரவில் காற்று மெதுவாக இறங்குகிறது, ஆணி இல்லை

ரியூப் இல்லாத ரயரில், காற்றைக் குறைத்துச் சேற்றில் ஓடியபோது விளிம்புக்கும் றிம்முக்கும் நடுவில் மணல் புகுந்திருக்கும். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் விளிம்பு முழுக்கக் குமிழி வரும். கழற்றி, துருவைச் சுரண்டி, துடைத்துப் போட்டால் சரி.

யப்பானிலிருந்து வந்த வாகனம், ரயர் பல்லு நல்லாக இருக்கு, ஆனால் பிடிக்கவில்லை

ரயரின் சுவரைப் பாருங்கள். மூன்று முகடுள்ள மலைப் படத்துக்குள் பனிப்பூக் குறி இருந்தாலோ, ஸ்டட்லெஸ் என்று எழுதியிருந்தாலோ அது பெரும்பாலும் பனிக்கால ரயர். அதன் றப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கும் குளிரில் இளக்கமாக நிற்கும்படி செய்தது. பல்லின் மேல் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், பனியையும் ஐஸையும் பிடிப்பவை அவைதான். 30 பாகைக்கு மேல் கொதிக்கும் வன்னித் தாரில் அந்த றப்பர் குழைந்து, பிரேக் பிடித்தால் பல்லே நெளியும், தேய்வும் வேகமாக நடக்கும். பார்வைக்குப் பல் ஆழமாக இருப்பதால் சேற்றுக்கு நல்லது என்று விற்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். அந்தக் கீறல்கள் களியில் ஒரு வேலையும் செய்யாது.

எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து வேறு. சேறும் பனியும் என்று அதற்குப் பொருள், ஆனால் பல் இடைவெளியைப் பார்த்துக் கம்பனி தானே போட்டுக்கொள்ளும் குறி அது. பனிப்பூக் குறியோ பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறினால்தான் கிடைக்கும். குளிர்நாட்டில் இருக்கும் உறவுகள் லொறிக்கோ ஜீப்புக்கோ ரயர் வாங்கும்போது எம் பிளஸ் எஸ்ஸை மட்டும் நம்பாமல் பனிப்பூவைத் தேட வேண்டும். எம்டி ரயர் ஆழப் பனியைத் தோண்டிப் போகும், இறுகிய பனியிலும் ஐஸிலும் வழுக்கும். கீறல் இல்லாத பெரிய பல் அங்கே உதவாது. வன்னியில் இருக்கும் நாம் இரண்டு குறியையுமே தேடி வாங்க வேண்டியதில்லை.

உழவு இயந்திரம் வயலில் இழுக்கவில்லை

பின்ரயரின் அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மாறிப் பூட்டியிருந்தால் பல் சேற்றை வெளியே தள்ளாமல் நடுவுக்குக் கூட்டும். ஆர்1 என்பது சாதாரணப் பல், ஆர்2 என்பது நெல்வயலுக்குரியது, அதன் பல் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆழம். ஆர்2ஐத் தார் வீதியில் ட்ரெயிலர் இழுக்க விட்டால் சீக்கிரம் கரைந்துவிடும். வயலுக்குத்தான் அதிகம் போகிறது என்றால் மட்டும் அதை வாங்குங்கள். பாரம் போதாமல் வழுக்கினால் பின்ரயருக்குள் தண்ணீர் நிரப்பலாம், முக்கால் பங்குக்கு மேல் போகாமல்.

வாங்கும்போது

ரயரின் சுவரில் அளவுக்குப் பிறகு வரும் எண் பாரக் குறியீடு. 112 என்றால் ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும், 121 என்றால் 1,450. லொறி ரயரில் 106/104 என்று இரண்டு இருந்தால் முதலாவது ஒற்றைச் சில்லுக்கு 950 கிலோ, இரண்டாவது இரட்டைச் சில்லுக்கு, ஒவ்வொன்றும் 900 கிலோ. 65 கிலோ மூட்டை இருபது என்றால் 1,300 கிலோ. வண்டியின் சொந்தப் பாரத்தையும் சேர்த்துப் பின் அச்சுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துத்தான் ரயர் எடுக்க வேண்டும்.

டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கமும் செய்த கிழமையும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. கடையில் பல்லு மினுங்கினாலும் தேதி பழையது என்றால் விட்டுவிடுங்கள், வெயிலில் கிடந்த றப்பர் பக்கச் சுவரில் மயிர் வெடிப்பு விட்டிருக்கும். தேய்வுக் கோடு 1.6 மில்லிமீற்றரில் வரும், ஆனால் சேற்றுக்குப் போகிற ரயர் அந்தக் கோட்டைத் தொடும் முன்பே பயனற்றுப் போய்விடும்.

ஸ்பெயர் சில்லும் மற்ற நான்கின் அளவாகவே இருக்கட்டும். பெட்டிக்குக் கீழே தொங்கும் ஸ்பெயரின் சங்கிலி சேற்றிலும் துருவிலும் இறுகிப்போகும். மாரிக்கு முன் ஒரு முறை இறக்கி, காற்று அடித்து, சங்கிலிக்குக் கிறீஸ் போட்டு ஏற்றி வையுங்கள். ஜாக்குக்கு அடியில் வைக்க அகலமான பலகை ஒன்றையும் கூடவே போட்டுக்கொள்ளுங்கள், பலகை இல்லாமல் சேற்றில் ஜாக் ஏறாது.